குறைந்த ஐ.க்யூ. மதிப்பெண்ணும் ‘நடிப்பு’ என்ற குற்றச்சாட்டும்

கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் இளம் வழக்கறிஞர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. பண்ருட்டிப் பக்கத்து இளைஞர், வயது 29, பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர், முந்திரி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து இழப்பீட்டு வழக்கு விசாரணைக்கு வந்திருக்கிறது. அவருடைய ஐ.க்யூ. 56 என்று ஓர் உளவியல் அறிக்கை சொல்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் தரப்போ, மனுதாரர் வேண்டுமென்றே தவறாகப் பதில் சொல்லியிருக்கிறார் என்கிறது. அப்படி மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ள ஒருவரால் முடியுமா, முடியும் என்றால் அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா, வழக்கறிஞர் இதை எப்படிக் கையாள வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

புதுச்சேரியில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிபவன் என்ற முறையில் முதலில் சுருக்கமான விடையைச் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ள முடியும். அது மிகவும் எளிது. அதைக் கண்டறியவும் பல நேரங்களில் முடியும். ஆனால் சோதனையைக் கொண்டு நிறுவக்கூடியது ‘இந்த மதிப்பெண் இவருடைய உண்மையான திறனைக் காட்டவில்லை’ என்பது வரைதான். ‘இவர் பணத்துக்காகப் பொய் சொல்கிறார்’ என்பது அதற்கு அடுத்த படி; அந்தப் படியில் ஏறுவதற்குச் சோதனைத் தாளுக்கு வெளியே உள்ள சான்றுகள் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதப்படும் அறிக்கைகளால்தான் உண்மையாக அடிபட்டவர் இழப்பீடு இல்லாமல் வீட்டுக்குப் போவதும், நடித்தவர் இழப்பீட்டோடு போவதும் நடக்கின்றன.

ஐ.க்யூ. என்ற எண்ணின் பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஒத்த வயதினரின் சராசரி 100 என்றும் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 15 என்றும் வைத்து, ஒருவர் அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்கிறார் என்பதை இது சொல்கிறது. 70க்குக் கீழே வருபவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகம். 56 அல்லது அதற்கும் கீழே என்றால் ஏறத்தாழ 600 பேரில் ஒருவர். எந்தச் சோதனைக்கும் அளவீட்டுப் பிழை உண்டு. நல்ல சோதனையிலேயே இருபுறமும் ஐந்து புள்ளி அளவுக்கு அதை எதிர்பார்க்க வேண்டும். இவற்றை எல்லாம் விட முக்கியமான ஒன்று பாடப்புத்தகங்களில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது: இந்தச் சோதனை முழுவதும் தேர்வெழுதுபவரின் முயற்சியை நம்பி நிற்கிறது. ரத்தத்தில் சர்க்கரையை அளக்க நோயாளியின் ஒத்துழைப்பு அவ்வளவாகத் தேவையில்லை, ஐ.க்யூ.வை அளக்க ஒவ்வொரு வினாவுக்கும் தேவை. தன் திறனுக்கு மேலே மதிப்பெண் வாங்குவது ஒருவருக்குக் கடினம், கீழே வாங்குவதற்குத் தடையே இல்லை.

இந்த ஓட்டை ஏன் ஆரம்பத்திலேயே அடைக்கப்படவில்லை என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஆல்ஃப்ரெட் பினேயும் தியோடோர் சிமோனும் 1905இல் பாரிஸில் முதல் அளவுகோலை வெளியிட்டபோது (புதுச்சேரி அப்போது அதே பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது), பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதே அவர்களுடைய நோக்கம். எட்டு வயதுக் குழந்தைக்கு வேண்டுமென்றே தோற்பதில் ஆதாயம் ஏதும் இல்லை. இழப்பீடு, ஓய்வூதியம், தண்டனைக் குறைப்பு என்று மதிப்பெண்ணோடு ஆதாயம் ஒட்டிக்கொண்ட பிறகுதான் முயற்சியையே தனியாகச் சோதிக்க வேண்டிய தேவை எழுந்தது.

உங்கள் வழக்கில் நான் முதலில் கேட்கும் கேள்வி நடிப்பைப் பற்றியது அன்று. எந்தச் சோதனை பயன்படுத்தப்பட்டது என்பதே. நம் பகுதியில் இன்னும் புழக்கத்தில் இருப்பவை பினே-காமத் சோதனை, 1955இல் வெளிவந்த பாட்டியாவின் செயல்திறன் சோதனைத் தொகுதி, 1969இல் வெளிவந்த குழந்தைகளுக்கான மாலின் அளவுகோல், செகின் வடிவப் பலகை போன்றவை. பாட்டியாவின் தொகுதி எழுத்தறிவு தேவைப்படாதது என்பதால் நம் மருத்துவமனைகளில் பெரிதும் விரும்பப்படுகிறது. ஆனால் அதன் ஒப்பீட்டு அட்டவணைகள் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த 11 முதல் 16 வயது வரையிலான சிறுவர்களைக் கொண்டு, பல பத்தாண்டுகளுக்கு முன்பு தயாரிக்கப்பட்டவை. 29 வயது பண்ருட்டிக்காரரை அந்த அட்டவணையில் வைத்துப் பார்த்து வந்த 56 என்ற எண்ணைக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு எளிதாக உடைத்துவிடும். நடிப்பு என்ற பேச்சு வரை போகவே வேண்டியதில்லை. அளவுகோல் பழையதாக இருந்தால் மதிப்பெண் பெரும்பாலும் கூடுதலாகத்தான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். தலைமுறைதோறும் சோதனைகளில் மக்கள் கூடுதலாக வாங்குகிறார்கள், பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று புள்ளி என்று ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் காட்டியதன் விளைவு அது.

இரண்டாவது கேள்வி, அறிக்கையில் நோயறுதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது. ‘இலேசான அறிவுசார் குறைபாடு’ என்று எழுதப்பட்டிருந்தால் உங்களுக்குத் தொல்லை. அறிவுசார் குறைபாடு என்பது வளர்ச்சிப் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டிய ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பு தேறி, ஆலையில் கணக்கு எழுதி, 27 வயதில் விபத்துக்குள்ளானவருக்கு அந்தப் பெயர் பொருந்தாது. தலைக்காயத்தால் ஏற்பட்ட அறிதிறன் பாதிப்பு என்பது வேறு நோயறுதி. அதற்குக் கேட்கப்படும் சான்றுகளும் வேறு. சான்றிதழ் படிவத்தில் அந்தக் கட்டம்தான் இருக்கிறது என்பதற்காக அதை நிரப்பிக் கொடுப்பது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அதன் விலையைக் கொடுப்பவர் மனுதாரர்.

இனி தலைக்காயத்துக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் வழக்கின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. நடிப்பைக் கண்டறியும் மிகப் பழைய, இன்னும் மிக வலுவான வழி எந்தப் புதிய சோதனையும் அன்று. அடிபட்டதன் கடுமைக்கும் காட்டப்படும் குறைபாட்டுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். 1974இல் டீஸ்டேல், ஜென்னட் என்ற இருவர் வகுத்த, அடிபட்டவரின் நினைவுநிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவின்படி 13 முதல் 15 வரை இலேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8 அல்லது அதற்குக் கீழே கடுமையானது. இலேசான தலைக்காயத்தில் மறதி, தலைவலி, கவனக்குறைவு எல்லாம் வரும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அவை சில நாட்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் தணிந்துவிடும். முதல் மாதத்தில் சுமாராகவும், ஆறாம் மாதத்தில் மோசமாகவும், வழக்கு நெருங்கும்போது மிக மோசமாகவும் ஆகும் தலைக்காயம் என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அது மூளையுறைக்கடியில் மெல்லச் சேரும் ரத்தக்கட்டாக இருக்கலாம், வலிப்பாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம், ஆதாயமாகவும் இருக்கலாம். இந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆதாயத்தை முதலில் வைத்துத் தேடினால் மற்ற மூன்றும் கண்ணில் படாமல் போய்விடும்.

ஆகவே கடலூர் அரசு மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ விபத்தன்று எழுதப்பட்ட ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), முதல் சி.டி. ஸ்கேன், விடுவிப்புக் குறிப்பு ஆகியவை இரண்டாண்டு கழித்து எழுதப்பட்ட உளவியல் அறிக்கையைவிட எடை மிகுந்தவை. நினைவோடு வந்து, பேசி, ஸ்கேன் இயல்பாக இருந்து மறுநாளே வீடு திரும்பியவருக்கு இன்று 56 என்றால் அந்த எண்ணை நம்ப எனக்குக் காரணம் இல்லை. முன்மூளையில் ரத்தக்கசிவோடு இரண்டு வாரம் நினைவின்றிக் கிடந்தவருக்கு அதே 56 வந்தால், அப்போதும் சரிபார்ப்பேன். ஆனால் வேறு மனத்தோடு சரிபார்ப்பேன்.

இங்கே இன்னொரு உண்மையும் உண்டு. அது இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் உவப்பாக இராது. தலைக்காயம் முதலில் தாக்குவது ஐ.க்யூ.வை அன்று. சொற்களின் பொருள், பொது அறிவு, பழைய கல்வி ஆகியவை பெரும்பாலும் தங்கிவிடும். புதிதாகக் கற்றுக்கொள்வது, வேகம், கவனம், திட்டமிடல், கோபத்தை அடக்குவது ஆகியவையே நொறுங்கும். முன்மூளை பழுதான ஒருவர் சோதனை அறையில் அமர்ந்து 95 மதிப்பெண் வாங்கிவிட்டு, வெளியே போய் ஒரு நாள் கணக்கை முடிக்க முடியாமல் வேலையை இழக்கலாம். ஆகவே ‘ஐ.க்யூ. இயல்பாக இருக்கிறது, பாதிப்பு இல்லை’ என்பதும் தவறு. கணக்கெழுதிய மனிதருக்குச் சொற்களஞ்சியமும் பொது அறிவும் கூடச் சரிந்து மொத்தம் 56க்கு வந்திருப்பதும் ஐயத்துக்கு உரியது. எந்த உட்சோதனை எவ்வளவு வீழ்ந்திருக்கிறது என்ற பிரிவுகளைக் கேட்டு வாங்குங்கள். மொத்த எண் மட்டும் உள்ள அறிக்கையைக் கொண்டு யாராலும் எதையும் சொல்ல முடியாது.

நடிப்பவர்கள் எங்கே பிடிபடுகிறார்கள் என்றால், மூளை எப்படிப் பழுதாகும் என்பது அவர்களுக்குத் தெரியாததால்தான். தலையில் அடிபட்டால் எல்லாமே மறந்துவிடும் என்று சினிமா பார்த்து நம்புகிறவர் தன் பெயரையும் ஊரையும் மறப்பார். உண்மையான தலைக்காயத்தில், மயக்கம் தெளிந்த பிறகு, அவை மறப்பது மிக அரிது. எளிய வினாவில் தோற்றுக் கடினமான வினாவில் வெல்வார். சென்ற வாரம் தெரிந்தது இந்த வாரம் தெரியாமல் போகும். சோதனையில் மூன்று எண்களைத் திரும்பச் சொல்ல முடியாதவர், வெளியே வராந்தாவில் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருப்பார். இந்த முரண்களைக் கணக்காக்கும் முறைகள் உண்டு. எண்வரிசையை நினைவில் வைக்கும் உட்சோதனையிலிருந்தே நம்பகத்தன்மையைக் கணக்கிடும் வழியை 1994இல் கிரைஃபன்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் முன்வைத்தார்கள். இன்று அது உலகெங்கும் புழங்குகிறது.

ஆனால் இந்தத் துறையின் மிக அழகிய கருத்து கட்டாயத் தெரிவு முறைதான். காது கேட்கவில்லை என்று சொன்ன நோயாளிகளிடம் பாங்க்ராட்ஸ் என்ற உளவியலாளர் 1975இல் இதைப் பயன்படுத்திக் காட்டினார். பிறகு நினைவாற்றலுக்கும் வந்தது. ஒருவருக்கு 50 படங்களைக் காட்டுகிறோம். பிறகு இரண்டிரண்டு படங்களாக வைத்து, முன்பு பார்த்தது எது என்று கேட்கிறோம். தெரியவில்லை என்றாலும் ஏதாவது ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும். நினைவே இல்லாத ஒருவர், கண்ணை மூடிக்கொண்டு காட்டினால்கூட, சராசரியாக 25 சரியாக வரும். 20 வரலாம், 30 வரலாம். குருட்டாம்போக்கில் காட்டுபவருக்கு 15 அல்லது அதற்குக் கீழே வருவதற்கு வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான். 10 அல்லது அதற்குக் கீழே வருவது லட்சத்தில் ஒரு தடவைக்குச் சற்று அதிகம். அப்படி ஒருவருக்கு 10 வந்தால், அவருக்குச் சரியான விடை தெரிந்திருக்கிறது, தெரிந்தே தவிர்த்திருக்கிறார் என்பதைத் தவிர வேறு விளக்கம் சொல்வது கடினம். தவறாகச் சொல்வதற்கும் நினைவு வேண்டும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறொரு சோதனையை நான் அறியேன்.

இத்தகைய சோதனைகளின் விற்பனைப் பெயர்களையும் வெட்டுப்புள்ளிகளையும் (எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் ஐயப்படுவது என்ற எல்லைகளையும்) வேண்டுமென்றே தவிர்க்கிறேன். அவை பொதுவெளியில் பரவினால் அடுத்து வருபவரிடம் பயன்படாமல் போகும். உங்கள் கட்சிக்காரரிடமும் இதை விளக்கிச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்பே பயிற்சி கொடுத்து அனுப்பப்பட்ட மனுதாரரைப் பலமுறை கண்டுபிடித்துவிட முடியும், அதன் பிறகு அவருடைய உண்மையான வலியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், நடிப்பவர்களில் மிகச் சிலரே தற்செயலுக்கும் கீழே விழுகிறார்கள். பெரும்பாலோர் இடைநிலையில் நிற்கிறார்கள். அங்கே வெட்டுப்புள்ளி வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். வெட்டுப்புள்ளி என்று வந்தால் நேர்மையானவர்கள் சிலரும் அதன் கீழே விழுவார்கள். இதைக் கணக்காகப் பாருங்கள். நடிப்பவர்கள் நூறு பேரில் 70 பேரைப் பிடித்து, நேர்மையானவர்கள் நூறு பேரில் 10 பேரைத் தவறாகச் சுட்டும் ஒரு கருவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1000 மனுதாரர்களில் 300 பேர் நடிக்கிறார்கள் என்றால் அது 210 பேரைச் சரியாகவும் 70 பேரைத் தவறாகவும் சுட்டும். சுட்டப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் நடித்தவர்கள். நடிப்பவர்கள் 50 பேர்தான் என்றால் அதே கருவி 35 பேரைச் சரியாகவும் 95 பேரைத் தவறாகவும் சுட்டும். கருவி மாறவில்லை, கூட்டம் மாறியது. குற்றம்சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் நிரபராதிகள் ஆகிவிட்டார்கள். அமெரிக்காவில் மிட்டன்பர்க்கும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நரம்பியல் உளவியலாளர்களின் மதிப்பீட்டின்படி, உடற்காய இழப்பீட்டு வழக்குகளில் 29 விழுக்காட்டினரும், வழக்கு ஏதுமற்ற மருத்துவ நோயாளிகளில் 8 விழுக்காட்டினரும் நடிப்பவர்களாகவோ மிகைப்படுத்துபவர்களாகவோ கருதப்பட்டார்கள். அந்த 29ஐக் கடலூருக்குத் தூக்கி வந்து வைக்கக் கூடாது. எதிர்த்தரப்பு நிபுணர் இந்த எண்ணைச் சொன்னால், அது எந்த நாட்டு எண் என்று கேளுங்கள்.

ஆகவேதான் ஒரே ஒரு சோதனையில் தோற்றதை வைத்து நடிப்பு என்று முடிவு கட்டக் கூடாது என்பது இன்று துறையின் பொது இணக்கம். ஸ்லிக், ஷெர்மன், ஐவர்சன் ஆகியோர் 1999இல் வகுத்த வரையறைகள் உறுதி, மிகுவாய்ப்பு, சாத்தியம் என்று மூன்று படிகளை வைத்தன. வெளிப்படையான ஆதாயம் இருக்க வேண்டும், சோதனைச் சான்று இருக்க வேண்டும், அந்த நடத்தையை மனநோயோ மூளைநோயோ வேறு காரணமோ முழுமையாக விளக்கிவிடக் கூடாது. கடைசி நிபந்தனையைத்தான் நம் அறிக்கைகள் மறக்கின்றன.

அந்த ‘வேறு காரணம்’ நம் ஊரில் எவ்வளவு பரந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் அந்த்ரே ரே உருவாக்கிய 15 உருப்படிச் சோதனை மிகப் பழையது, எல்லாப் பாடநூல்களிலும் இருப்பது. ஆகவே அதை மட்டும் விவரிக்கிறேன். ஒரு தாளில் 15 குறிகள் பத்து விநாடி காட்டப்படும், பிறகு நினைவிலிருந்து எழுத வேண்டும். பார்க்கக் கடினம் போலத் தோன்றும், ஆனால் ஆங்கிலப் பெரிய எழுத்து மூன்று, சிறிய எழுத்து மூன்று, எண் மூன்று, ரோமன் எண் மூன்று, வடிவம் மூன்று என்று வரிசையாக இருப்பதால் உண்மையில் எளிது. யாருக்கு எளிது? அந்த எழுத்துகள் தெரிந்தவருக்கு. தேவனாம்பட்டினத்தில் வலை பின்னும் அம்மாவுக்கு அவை 15 தனித்தனிக் கோடுகள். அவர் ஐந்தை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தால், ‘முயற்சிக் குறைவு’ என்று எழுதுவது அறிவியல் அன்று. உண்மையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இத்தகைய பல சோதனைகளில், குறிப்பாக எண்வரிசைச் சோதனையில், தோற்கிறார்கள் என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்ட செய்தி.

‘தெரியலைங்க’ என்ற விடையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் நம் கிராமத்தினர் அதைச் சொல்வதற்கு அறியாமை மட்டுமே காரணமாக இருப்பதில்லை. தவறாகச் சொல்லித் திட்டு வாங்குவதைவிடத் தெரியாது என்று சொல்வது பாதுகாப்பு, பெரியவர்கள் முன் ஊகித்துப் பேசுவது மரியாதைக் குறைவு. சோதிப்பவர் பொறுமையாக இரண்டாம் முறை கேட்காவிட்டால் அந்த அடக்கம் பூஜ்யமாகப் பதிவாகும். இதோடு வலிப்பு மாத்திரையால் வரும் மந்தம், சரியாகக் கேட்காத காது, கண்ணாடி இல்லாத கண், காலையில் பேருந்து ஏறி மதியம் வரை வரிசையில் நின்ற களைப்பு. மருத்துவக் குழுவின் முகாம் நாளில் ஒருவருக்கு இருபது நிமிடம் ஒதுக்கி எடுக்கும் மதிப்பெண்ணில் இவை அத்தனையும் கலந்திருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் அறிவுசார் குறைபாட்டின் அளவு ஐ.க்யூ.வோடு சேர்த்து வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலையும் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது. 1935இல் எட்கர் டால் உருவாக்கிய அந்த அளவுகோல் பெரும்பாலும் சோதிக்கப்படுபவரைக் கேட்பதில்லை. தாயையோ உறவினரையோ கேட்கிறது. தானே குளிப்பாரா, கடைக்குத் தனியாகப் போவாரா, பணத்தைக் கையாள்வாரா. ஆகவே மிகைப்படுத்துபவர் உறவினராக இருந்தால், நோயாளியிடம் வைக்கும் எந்த முயற்சிச் சோதனையும் அதைப் பிடிக்காது. 70 முதல் 84 வரை உள்ள எல்லைநிலைக்கு 25 விழுக்காடு, அதற்குக் கீழே இலேசான குறைபாட்டுக்கு 50 விழுக்காடு என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. சலுகைகளுக்குத் தேவையானது 40 விழுக்காடு. ஒரே ஒரு புள்ளியில் எல்லாம் மாறுகிறது என்னும்போது அந்தக் கோட்டருகே குடும்பத்தின் ஆசையும் மருத்துவரின் இரக்கமும் சேர்ந்தே வேலை செய்கின்றன. பொய்யாகச் சலுகை பெற்றால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இந்த எண்கோட்டின் கொடுமையை அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சந்தித்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு மரண தண்டனை கூடாது என்று 2002இல் சொன்ன அதே நீதிமன்றம், 70 என்ற எண்ணை அளவீட்டுப் பிழையைக் கணக்கில் எடுக்காமல் இரும்புக்கோடாக வைக்கக் கூடாது என்று 2014இல் ஃபுளோரிடா வழக்கில் தீர்ப்பளித்தது.

உறவினர் சொல்வதைச் சரிபார்க்க நாட்டுநடப்புச் சான்றுகளே போதும். பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஓட்டுநர் உரிமம், ஆலையின் வருகைப் பதிவேடு, வங்கிக் கணக்கு, விபத்துக்குப் பிறகு அவரே கைப்பேசியில் செய்த பணப் பரிமாற்றங்கள். இவை அவருக்கு எதிராகவும் பேசும், ஆதரவாகவும் பேசும். விபத்துக்கு முன்பு பிழையில்லாமல் இருந்த கணக்கேடு பிறகு எப்படிச் சிதைந்தது என்று ஆலை முதலாளி காட்டினால், அதைவிட நல்ல சாட்சி எந்த உளவியல் சோதனையும் இல்லை.

குற்றவியல் வழக்குகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், அங்கே இரு கேள்விகள் அடிக்கடி கலந்துவிடுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். செயலைச் செய்த நேரத்தில் மனநிலை எப்படி இருந்தது என்பது ஒரு கேள்வி; முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு. இப்போது விசாரணையைப் புரிந்துகொண்டு தன்னைத் தற்காத்துக்கொள்ள முடியுமா என்பது வேறொரு கேள்வி. அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368ஆம் பிரிவுகளின் கீழ் வரும். கேப்பர் மலைச் சிறையிலிருந்தோ காலாப்பட்டுச் சிறையிலிருந்தோ மதிப்பீட்டுக்கு அழைத்துவரப்படுபவர்களிடம் பொதுவாக இரண்டாவதைத்தான் நம்மால் நேரடியாகச் சோதிக்க முடியும். அரைமணி நேரப் பேட்டி அதற்குப் போதாது. வார்டில் சேர்த்துப் பல நாள் கவனிப்பதே முறை. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது ஒருவர் எப்படிச் சாப்பிடுகிறார், தூங்குகிறார், பக்கத்துக் கட்டிலோடு பேசுகிறார் என்ற செவிலியர் குறிப்புகள் மதிப்பு மிக்கவை. அதுவும் ஏமாறக்கூடியதுதான். நியூயார்க் மாஃபியா தலைவர் வின்சென்ட் ஜிகான்டே குளியல் அங்கியோடு தெருவில் முணுமுணுத்துத் திரிந்து பல ஆண்டுகள் மருத்துவர்களை நம்பவைத்தார். 1997இல் தண்டிக்கப்பட்டு, 2003இல்தான் நடித்ததை ஒப்புக்கொண்டார். எதிர்த் திசையில் ஓர் எச்சரிக்கை: ஜெர்மன் மருத்துவர் கான்சர் 1898இல் விவரித்த கைதிகள், இரண்டும் இரண்டும் ஐந்து என்பது போல விடைக்கு மிக அருகே தவறாகச் சொன்னார்கள். பார்ப்பவருக்கு அது அப்பட்டமான நடிப்பு. கான்சரோ அதை நோய் என்றே கருதினார், விவாதம் இன்னும் முடியவில்லை. உண்மையைக் கறக்க மருந்து செலுத்தலாமே என்று யாராவது சொன்னால், சம்மதமின்றி நார்கோ, பாலிகிராஃப் சோதனைகள் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதை நினைவூட்டுங்கள்.

உங்கள் வழக்குக்குத் திரும்புகிறேன். மறு மதிப்பீட்டை எதிர்க்காதீர்கள், நீங்களே கேளுங்கள். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர், தமிழில், வெவ்வேறு வகையான இரண்டு மூன்று முயற்சிச் சோதனைகளோடு, ஒரே நாளில் திணிக்காமல் செய்ய வேண்டும் என்று மனுவில் குறிப்பிடுங்கள். முன்பு பயன்படுத்திய சோதனையையே உடனே திரும்ப வைத்தால் பழக்கத்தால் மதிப்பெண் ஏறும், அந்த ஏற்றத்தை நடிப்பின் சான்றாக எதிர்த்தரப்பு காட்டும். ஆகவே முதல் அறிக்கையின் சோதனைப் பெயர், தேதி, மூல மதிப்பெண்கள், அன்று அவர் எடுத்துக்கொண்டிருந்த மாத்திரைகள் ஆகியவை புதிதாகச் சோதிப்பவர் கையில் முன்கூட்டியே இருக்க வேண்டும். முயற்சிச் சோதனையில் அவர் தோற்றாலும் வழக்கு அதோடு முடிந்துவிடாது. உண்மையாக அடிபட்டவர்களும், தம்மை நம்ப மாட்டார்கள் என்ற அச்சத்தில் மிகைப்படுத்துவது உண்டு. அந்த மதிப்பெண் பயன்படாது என்றுதான் அப்போது பொருள், காயமே இல்லை என்று பொருளில்லை. 2010இல் ராஜ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உடற்குறையின் விழுக்காடு வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று தெளிவாகப் பிரித்தது. ஐ.க்யூ. எண் இல்லாமலேயே ஏ.ஆர். காப்பி, ஸ்கேன், கணக்கேடு, முதலாளியின் சாட்சியம் ஆகியவற்றைக் கொண்டு அந்த இரண்டாவதை நிறுவ உங்களுக்கு இடம் இருக்கிறது. முதல் அறிக்கை எழுதியவரைச் சாட்சிக் கூண்டுக்கு அழைப்பதற்கு முன்பு அவரிடம் நீங்களே கேட்டுவிட வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முயற்சியைச் சோதித்தீர்களா, எதைக் கொண்டு? இல்லை என்று அவர் சொன்னால், 56ஐ நம்பி வாதத்தைக் கட்ட வேண்டாம்.